ஏழு நாள், பதினாறு போட்டி, ஒரு சின்னக் கேட்டமரன்

நாள் 1

எங்கள் கேட்டமரன், அதாவது இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகு, ஐந்து மீட்டர், பாய்மரம் எட்டு மீட்டருக்கு மேல். டிரெய்லரில் இரண்டையும் கட்டி இழுத்து வந்ததில், ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வந்தவர்களுக்குக் கும்பிடு போட வேண்டியிருந்தது. மதியத்துக்குள் விரிகுடாவுக்கு வந்து சேர்ந்தோம். நானும் அக்கா மகளும். அவளுக்குப் பத்தொன்பது வயது, என்னைவிட நன்றாக நீந்துவாள், பாய்மரத்திலிருந்து வரும் டிரபீஸ் கம்பியில் படகுக்கு வெளியே தொங்குவதற்குப் பயப்படமாட்டாள். இந்த வாரம் எனக்கு அவள்தான் துணை மாலுமி.

எதற்காக வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் பாய்ப்படகு ஓட்டுகிறேன். காலையில் கிளம்புவது, காற்று கூட்டிப் போகிற பக்கம் போவது, வெயில் ஏறியதும் திரும்புவது. பக்கத்தில் இன்னொரு படகு இல்லாதவரை நம் படகு வேகமாகத்தான் போகும். இங்கே வாரத்துக்கு மூன்று நான்கு நாள் சின்னச் சின்னப் போட்டி வைக்கிறார்கள். இந்த வாரம் மட்டும் தினமும். கோப்பை, மேடை எதுவும் கிடையாது. காற்றுக்கு எதிராக எண்ணூறு மீட்டர் தள்ளி ஒரு போயா, அதாவது மிதவை, அது மேல் போயா; காற்றோடு திரும்பி வர இன்னொன்று, அது கீழ் போயா; இரண்டு சுற்று, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்தது. பெரும்பாலும் எங்களுடையதைப் போலவே ஹோபி 16 வகைக் கேட்டமரன், மொத்தம் பன்னிரண்டு படகு.

முதல் போட்டியில் தொடக்கக் கோட்டுக்கு அறுபது மீட்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தபோதே மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்துக்கு முன் நீலத்தில் வெள்ளைச் சதுரம் போட்ட கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். முதல் கொடி இறங்கினால் கிளம்பு. எல்லாம் படித்ததுதான். ஆனால் நான் ஊதல் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், காற்றில் அது கேட்கவில்லை. விதிப்படி கொடிதான் கணக்கு, சத்தம் வெறும் துணை.

இரண்டாவது போட்டியில் ரோஷம் வந்து முன்னாலேயே போய்விட்டேன். வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறியது. கோட்டைத் தாண்டிய படகு முழுசாக இந்தப் பக்கம் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். மூன்றாவதில் சரியான நேரத்துக்குக் கோட்டில் இருந்தோம், ஆனால் மூக்கு நேராகக் காற்றைப் பார்த்தபடி. பாய் படபடவென்று அடிக்க, படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

மூன்றிலும் கடைசி. எங்களுக்கு முந்தைய இடத்தில் வந்தது சிவப்புப் பாய் போட்ட ஒரு படகு, அண்ணன் தம்பி இருவர் ஓட்டுகிறார்கள். கடைசிப் போட்டியில் அவர்களுக்கும் எங்களுக்கும் இடைவெளி 4 நிமிடம் 10 விநாடி. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாள் 2

தனியாக ஒரு சின்னப் படகு ஓட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் ஐயா என்கிறார்கள், நாங்களும் அப்படியே. காலையில் கரையில் பார்த்ததும், “தம்பி, உங்களுக்கு ஓட்டத் தெரியுது. நிக்கத் தெரியுமா?” என்றார்.

தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஒரு போயா பக்கத்தில் படகை நிறுத்திப் பார்த்தோம். முன்னால் இருக்கும் சின்னப் பாயான ஜிப்பை விட்டு, பெரிய பாயைத் தளர்த்தி, மூக்கைக் காற்றுக்குக் கொஞ்சம் விலக்கி வைத்தால் படகு முன்னால் போகாது. ஆனால் பக்கவாட்டில் நழுவும். ஹோபி 16க்கு அடியில் இறக்கிவிடும் பலகை கிடையாது. பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது இரண்டு ஹல்லின், அதாவது படகின் இரண்டு உடல்களின், ஒருபக்கம் வளைந்த வடிவம்தான், அதுவும் படகு ஓடிக்கொண்டிருந்தால்தான். நிற்கிற படகு கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகிற பக்கம், வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கோட்டில் நிற்கும்போது கீழ்ப்பக்கத்தில் ஒரு படகு அகலத்துக்காவது வெற்றிடம் விட்டு வைக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் மூக்கை அந்த இடத்துக்குள் சாய்த்து வேகம் எடுக்கலாம். அந்த இடத்தை இன்னொருவன் வந்து அடைத்தால் கதை முடிந்தது. மதியம் முதல் போட்டியில் அடைத்தார்கள்.

இன்று இன்னொரு பாடம் டாக். காற்றைத் தாண்டி மூக்கைத் திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றுவது. ஒற்றை ஹல் படகில் சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைத் தள்ளினால் அதுவே சுற்றிக்கொள்ளும். கேட்டமரன் நீண்ட இரண்டு கால்களை நீரில் ஊன்றிக்கொண்டு திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும், எடையும் குறைவு என்பதால் ஓடி வந்த வேகமும் சட்டென்று செத்துவிடும். பெரிய பாயை இறுக்கி, டில்லரை முதலில் மெதுவாக, பிறகு விடாமல் தள்ள வேண்டும். நம் உடம்பு பின்னால் போக வேண்டும், மூக்கு இலேசானால்தான் சுழலும். காற்றைத் தாண்டுகிற கணத்தில் பெரிய பாயை அரை மீட்டர் விட வேண்டும், இல்லையென்றால் அது காற்றாடி வால் மாதிரி படகைத் திரும்பவும் காற்றுக்கே காட்டிவிடும். ஜிப்பை மட்டும் உடனே விடக் கூடாது. பழைய பக்கத்திலேயே பிடித்திருந்தால், காற்று அதன் முதுகில் மோதி மூக்கைத் திரும்ப வேண்டிய பக்கம் தள்ளிக் கொடுக்கும்.

“மாமா, ஜிப்பை எப்ப விடணும்?”

“நான் சொல்றப்ப.”

“நீங்க சொல்றப்ப லேட்டாயிடுது.”

உண்மைதான். பெரிய பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகள் மறுபக்கம் புரளும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம் வரும். இன்றைய காற்றுக்கு அதுதான் சரியான நேரம் என்று அவளே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன், டாக் சரியாக விழ ஆரம்பித்தது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் ஐயா சொல்லிக் கொடுத்தார். தள்ளு-தள்ளு, இழு-இழு. பெரிய பாயின் அடிக்கட்டையான பூமையும் டில்லரையும் ஒன்றாகத் தள்ளினால் படகு பின்னால் போய்க்கொண்டே திரும்பும். வேண்டிய அளவு திரும்பியதும் இரண்டையும் இழுத்தால் முன்னால் கிளம்பும்.

மூன்று போட்டி, 41 டாக். இதற்கு முன் ஒரு நாளில் ஐந்தாறு அடித்திருந்தால் அதிகம். சிவப்புப் பாய்க்கு இடைவெளி: 2 நிமிடம் 50 விநாடி.

நாள் 3

காற்று இல்லை. கொடிமரத்தில் கொடி ஈரத்துணி மாதிரி தொங்கியது. பிற்பகல் நான்கு மணிவரை காத்திருந்துவிட்டு ரத்து என்றார்கள்.

கரையில் உட்கார்ந்து பேச்சுதான். கேட்டமரன் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று அக்கா மகள் பெருமையாகச் சொல்ல, கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சொல் நம்முடையது, படகு நம்முடையது அல்ல. கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய மரங்கள். இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்துக் கடல் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினீசியர்கள். வெள்ளைக்காரன் வாயில் இரண்டும் ஒரே பெயருக்குள் விழுந்துவிட்டன.

1876இல் நியூயார்க்கில் நதானியேல் ஹெரஷாஃப் அமரில்லிஸ் என்ற கேட்டமரனைப் போட்டிக்குக் கொண்டுவந்து மற்ற படகுகளைப் பின்னால் விட்டார். தோற்றவர்கள் போட்ட சத்தத்தில், இந்த மாதிரிப் படகையே வழக்கமான போட்டிகளிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். வேகமாகப் போனது குற்றம்! அதற்கு நூறு வருடம் கழித்து, 1976இல்தான் டொர்னாடோ என்ற கேட்டமரன் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2008 வரை இருந்தது. 2012இல் கேட்டமரனே இல்லை, 2016இல் நாக்ரா 17 வந்தது, ஓர் ஆண் ஒரு பெண் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்ற விதியோடு. “நாமளும் அதே டீம்தான் மாமா” என்றாள். வயதைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது.

எங்கள் படகின் கதை இன்னும் எளிது. கலிஃபோர்னியாவில் அலைப்பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், அலையைத் தாண்டி மணலிலிருந்தே கிளம்பவும் மணலிலேயே ஏறி நிற்கவும் ஒரு படகு வேண்டும் என்று நினைத்தார். அதனால்தான் அடியில் பலகை இல்லை, சுக்கான் தரையில் பட்டால் தானே மடங்கி எழும்பும். முதலில் ஹோபி 14, அதன் பின்னே இந்த 16.

நாள் 4

இன்று கற்றது இந்த வாரத்திலேயே பெரிய விஷயம். என் பத்து வருடத்தை மொத்தமாகப் புரட்டிப் போட்டுவிட்டது.

முதல் போட்டியில் மேல் போயாவை ஏழாவதாகச் சுற்றினோம். எங்களுக்கு இதுவே தீபாவளி. கீழ் போயா கண்ணெதிரே இருந்தது, காற்று முதுகில். பாய் இரண்டையும் நன்றாக வெளியே விட்டு, மூக்கைப் போயாவுக்கு நேரே வைத்து, நிம்மதியாக உட்கார்ந்தேன். மற்ற படகுகள் எல்லாம் ஓரமாக எங்கோ விலகிப் போயின. பாவம், வழி தெரியாதவர்கள் என்றுகூட நினைத்தேன். கீழ் போயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் பதினோராவது.

கணக்கு இதுதான். நேர்க்கோட்டை விட்டு 45 பாகை விலகிப் போய், பாதியில் ஜைப் அடித்து, அதாவது படகின் பின்பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றி, திரும்பி வந்தால், தூரம் சுமார் 1.4 மடங்கு. ஆக, வேகம் 1.4 மடங்குக்கு மேல் கூடினால் லாபம். கனமான ஒற்றை ஹல் படகில் அவ்வளவு கூடாது. கேட்டமரனில் கூடும். நேராகக் காற்றோடு போகிற படகு காற்றைவிட வேகமாகப் போகவே முடியாது, வேகம் எடுக்க எடுக்கப் பாயில் படும் காற்று குறைந்துகொண்டே வரும். விலகிப் போகிற படகில் நடப்பது தலைகீழ். வேகம் கூடக் கூட, பாயில் படும் காற்று முன்பக்கம் நகர்ந்து வலுக்கிறது, அது இன்னும் வேகம் கொடுக்கிறது. சைக்கிள் மிதிக்கும்போது முகத்தில் அடிக்கிற காற்று நாம் உண்டாக்கியதுதானே, அதைப் பாயில் பிடிக்கிற வித்தை.

எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன நாடாதான் வழிகாட்டி. இரண்டு மூக்கையும் இணைக்கும் கம்பியில் கட்டியிருப்போம். அது படகுக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் பறக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பின்காற்றில் போகிறோம், ஆனால் நாடா பக்கக் காற்று என்கிறது. அதை நம்புவதற்கு எனக்கு இரண்டு போட்டி ஆனது. காற்று வலுத்தால் மூக்கைப் போயா பக்கம் இறக்கு, தளர்ந்தால் மறுபடி மேலே ஏற்றி வேகத்தைக் கூட்டு. ஒரே கோட்டில் போகவே கூடாது, பாம்பு மாதிரி நெளிய வேண்டும். அக்கா மகளை முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னேன். பின்பக்கம் நீரை இழுத்துக்கொண்டு போகும் ‘சளசள’ சத்தம் நின்று, ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீரான சத்தம் வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது.

தனியாகப் போயிருந்தால் இன்னும் இருபது வருடம் நேர்க்கோட்டிலேயே போய்க்கொண்டிருந்திருப்பேன். யாரும் வந்து தவறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கு படகு ஓரமாகப் போய் முந்தினால்தான் மண்டையில் ஏறுகிறது.

மூன்றாவது போட்டியில் சிவப்புப் பாய்க்கு இடைவெளி: 1 நிமிடம் 5 விநாடி.

நாள் 5

கைவிரல் வீங்கியிருப்பதால் சுருக்கமாக எழுத நினைத்தேன். முடியவில்லை.

காலையிலிருந்தே காற்று 20 நாட், மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். விரிகுடா முழுவதும் வெள்ளை நுரை. அவசரமாகப் பாய் ஏற்றி அவசரமாக இறங்கினோம். முதல் போட்டியில் படகு என்னவோ மந்தமாக இருந்தது. பாயைக் கீழே இழுக்கும் கயிற்றை இறுக்கினேன், பெரிய பாயின் கயிற்றைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவலரை வெளியே விட்டேன், அவளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன், கடைசியில் அவள் மேலேயே கோபப்பட்டேன். பத்தாவதாக முடித்தோம்.

இரண்டாவது போட்டி, மேல் போயாவைச் சுற்றிக் கீழே திரும்பியதும் ஒரு வீச்சு வந்தது. அவள் டிரபீஸில் வெளியே நின்றிருந்தாள். இடது ஹல்லின் மூக்கு நீருக்குள் போனது. வழக்கமாக மிதந்து எழும்பும், பாயை விட்டுப் பின்னால் தாவினால் போதும். இது எழும்பவில்லை. சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் பிடித்த மாதிரி படகு நின்றது, நாங்கள் நிற்கவில்லை. அவள் கம்பியோடு முன்னால் சுழன்று போய் முன்கயிற்றைத் தாண்டி விழுந்தாள். நான் டில்லரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஆகாயத்தில் இருந்தேன்.

தலையை வெளியே நீட்டியதும் முதல் வேலை அவளைத் தேடுவது. “மாமா, இங்க!” என்று குரல் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வேலை படகைப் பிடித்துக்கொள்வது. கவிழ்ந்த கேட்டமரனைக் காற்று தள்ளுகிற வேகத்துக்கு யாரும் நீந்த முடியாது, படகை விட்டால் படகு போய்விடும்.

பாய்க் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, அவள் மூக்கைப் பிடித்து நீரில் தொங்கினாள். அந்த இழுவையில் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும். நான் மேல் ஹல்லின் மீது கயிற்றைப் போட்டு, கீழ் ஹல்லில் ஏறி நின்று, பின்னால் சாய்ந்தேன். பிறகு அவளும் வந்து சேர்ந்து சாய்ந்தாள். பாய் மெதுவாக நீரிலிருந்து உரிந்து வந்தது, அதற்கடியில் காற்று புகுந்ததும் படகு சட்டென்று நிமிர்ந்தது, அதே வேகத்தில் மறுபக்கம் போய் விழுந்தது. மூன்று தடவை இதே கூத்து. நான்காவது தடவை, நிமிர்ந்து இறங்கும் குறுக்குச் சட்டத்தை இருவரும் தொற்றிப் பிடித்து நிறுத்தினோம். அப்போதும் இடப்பக்கம் தாழ்ந்தே இருந்தது. மீட்புப் படகு இழுத்து வந்தது.

கரையில் மூக்கைத் தூக்கி நிறுத்தியதும் இடது ஹல்லின் பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அடைப்பானை நான் திருகவே இல்லை. நேற்று இரவு காயட்டும் என்று கழற்றி மழைச்சட்டைப் பையில் போட்டது, பையிலேயே இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஐயா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிளக்கை மறக்காதவன் இங்க எவனும் இல்ல தம்பி. ரெண்டாவது தடவ மறக்காதவன் கொஞ்சம் பேர் இருக்கான்.”

புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு என்று போகும், குறைவாக இருப்பவர் ஜெயிப்பார். முடிக்காதவருக்கு மொத்தப் படகு எண்ணிக்கையோடு ஒன்று சேர்த்து, பதின்மூன்று. ஆளுக்கு ஒரு மோசமான போட்டியைக் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கு எதைக் கழிப்பது என்ற குழப்பம் தீர்ந்தது.

நாள் 6

பன்னிரண்டு நாட், ஒரே சீர், நான்கு போட்டி. கொடி, டாக், ஜைப் எதையும் யோசிக்காமல் செய்கிறோம். அதனால் கண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. நீரில் எங்கே கருப்பாக இருக்கிறது, அங்கே காற்று வருகிறது. முன்னால் போகிறவன் மூக்கு திடீரென்று கீழ்க்காற்றுப் பக்கம் விலகுகிறது, அவனுக்குக் காற்று திசை மாறிவிட்டது, அரை நிமிடத்தில் நமக்கும் மாறும். இதையெல்லாம் முதல் நாளே என் எதிரில் காட்டினார்கள், பார்க்க நேரம் இல்லை.

ஒரு சந்தேகமும் வந்தது. ஒரே இடத்தில் ஓட்டி ஓட்டி அந்த இடத்தைத்தான் மனப்பாடம் செய்கிறோமோ? இங்கே எல்லாரும் கிளம்பியதும் இடப்பக்கம் போகிறார்கள், நிலமுனைக்கடியில் காற்று வளைந்து சாதகமாக வரும் என்று. பெரும்பாலும் வரும். இன்று மூன்றாவது போட்டியில் வரவில்லை. வலப்பக்கம் போன ஒரே படகு முதலில் வந்தது, அதை ஓட்டியவர் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர். பழகிய நீர் கொஞ்சம் சோம்பலையும் பழக்கும்போல. ஆனாலும் டாக் எந்த நீரிலும் டாக்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காவது போட்டியில் போர்ட் டாக்கில் வந்துகொண்டிருந்தேன், அதாவது இடப்பக்கத்திலிருந்து காற்று. எதிரே சிவப்புப் பாய், வலப்பக்கக் காற்றில். “ஸ்டார்போர்ட்!” என்று கத்தினார்கள். வழிவிட வேண்டியவன் நான். முன்னால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தப்புக் கணக்கு, அவர்கள் சட்டென்று விலகித்தான் மோதலைத் தவிர்த்தார்கள். தண்டனை, ஒதுங்கிப் போய் இரண்டு முழுச் சுற்று. யாரும் விசிலடிக்க வரமாட்டார்கள், தப்பு செய்தவனே சுற்ற வேண்டும். சுற்றினோம். ஆறு நாள் பயிற்சியில் இரண்டு சுற்றும் நன்றாகவே வந்தன என்பதுதான் வேடிக்கை.

அதற்குப் பிறகும் சிவப்புப் பாய்க்கு இடைவெளி: 38 விநாடி. கரையில் தம்பிக்காரன் வந்து, “அண்ணே, நீங்க எங்க பின்னாடி போயிருந்தா எங்களை ஜெயிச்சிருப்பீங்க” என்றான். பின்னால் போயிருந்தால் ஒரு படகு நீளம்தான் நஷ்டம். முன்னால் போக ஆசைப்பட்டதில் இரண்டு சுற்று.

நாள் 7

கடைசி நாள் ஒரே நீளமான போட்டி. முனையைத் தாண்டி, வெளியே இருக்கும் பாறையைச் சுற்றித் திரும்ப வேண்டும். எல்லா வகைப் படகும் கலந்து கிளம்பின. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ரேட்டிங் எண், ஓடிய நேரத்தை அதை வைத்துத் திருத்தி முடிவு சொல்வார்கள். கரைக்கு முதலில் வருகிறவரே ஜெயித்தவர் என்று இல்லை. ஐயா ஏழாவதாக வந்து கணக்கில் முதலிடம்.

நாங்கள் கிளம்பியது நன்றாக இருந்தது, கீழ்ப்பக்கத்தில் இடம் விட்டு, கொடி இறங்கும்போது வேகத்தோடு. பாறைவரை சிவப்புப் பாய்க்கு முன்னால் இருந்தோம். ஆமாம், முன்னால். திரும்பும்போது அவர்கள் எங்களுக்கும் காற்றுக்கும் நடுவில் வந்து, எங்கள் பாயின் காற்றைத் திருடிக்கொண்டு தாண்டினார்கள். கோட்டில் 9 விநாடி. மொத்தத்தில் பன்னிரண்டில் ஒன்பதாவது இடம்.

மாலையில் பாய்மரத்தை இறக்கி டிரெய்லரில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. புதன்கிழமை மறுபடி போட்டி இருக்கிறது, நூற்றிருபது கிலோமீட்டர்தான். படகு நிறுத்தும் இடத்தில் ஓர் ஓரம் கொடுத்தார்கள். காற்று தூக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மண்ணில் முளை அடித்துக் கட்டினோம். ஹல் இரண்டையும் திறந்து காய வைத்துவிட்டு, அடைப்பான்கள் இரண்டையும் டில்லரில் கயிறு போட்டுத் தொங்கவிட்டாள் அக்கா மகள். அதை அவிழ்க்காமல் இனி நான் டில்லரைத் தொட முடியாது.